மண்ணுக்குள் பாக்டீரியாவைத் தின்னும் பாக்டீரியா: எப்படி, எவ்வளவு, நமக்கு என்ன பயன்?

#1 மண்புழுநேசன்

வணக்கம் நண்பர்களே. நுண்ணுயிர் உரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, மண்ணில் சில பாக்டீரியாக்கள் மற்ற பாக்டீரியாக்களை வேட்டையாடித் தின்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. அதற்கு மேல் விளக்கம் இல்லை. பாக்டீரியாவைத் தின்பவை என்றால் அமீபா, நூற்புழு என்றுதான் எனக்குத் தெரியும். ஃபேஜ் வைரஸ் கொல்லும், அதுவும் கேள்விப்பட்டிருக்கிறேன். பாக்டீரியாவே பாக்டீரியாவைத் தின்னுமா?

தின்னும் என்றால், வாயும் வயிறும் இல்லாத ஒற்றைச் செல் அதை எப்படிச் செய்கிறது? அப்புறம் என் சுயநலக் கேள்வி ஒன்று. வாடல், அழுகல் நோய்க் கிருமிகளைத் தின்ன இவற்றை மண்ணில் விடலாமா? விட்டால் பயிருக்கு நைட்ரஜன் தரும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்ற நல்லவற்றையும் சேர்த்துத் தின்றுவிடாதா?

#2 அகார்தட்டு

தின்னும். அதிலும் பல வழிகள் உண்டு. அதிகம் ஆராயப்பட்டது டெல்லோவிப்ரியோ பாக்டீரியோவோரஸ். அதிலிருந்து தொடங்குகிறேன்.

1962-இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் ஸ்டோல்ப் என்ற ஆய்வாளர் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களை மண்ணில் தேடிக்கொண்டிருந்தார். பாக்டீரியா படர்ந்த அகார் தட்டில் மண் வடிநீரை விட்டால், ஃபேஜ் இருக்கும் இடத்தில் பாக்டீரியா செத்துத் தெளிந்த வட்டம் விழும். ஃபேஜ் வட்டம் பெரும்பாலும் மறுநாளே தெரிந்துவிடும். தட்டில் பாக்டீரியாவின் வளர்ச்சி நின்றதும் வட்டமும் பெரிதாவதை நிறுத்திக்கொள்ளும். ஆனால் சில தட்டுகளில் இரண்டு மூன்று நாள் கழித்துப் புது வட்டங்கள் தோன்றின. தோன்றியவை நின்றபாடில்லை, விரிந்துகொண்டே போயின. நுண்ணோக்கியில் பார்த்தால் வைரஸைக் காணோம். மிகச் சிறிய, வளைந்த பாக்டீரியா ஒன்று அதிவேகமாக நீந்தி மற்ற செல்களில் போய் மோதிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஸ்டோல்பும் மார்ட்டிமர் ஸ்டாரும் சேர்ந்து அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அளவு சுமார் 1 மைக்ரோமீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்கு அகலம். ஒரு முனையில் ஒரே ஒரு கசையிழை. அதைச் சுழற்றி நொடிக்கு 160 மைக்ரோமீட்டர் வரை போகும், அதாவது தன் உடல் நீளத்தைப் போல நூறு மடங்குக்கு மேல்.

இரையில் மோதி ஒட்டிக்கொண்டதும், வெளிச்சவ்விலும் செல்சுவரிலும் நொதிகளால் ஒரு சிறு துளை போட்டு உள்ளே நுழைகிறது. ஆனால் இரையின் நடுப்பகுதிக்குப் போவதில்லை. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு உள்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு உண்டு. அவற்றுக்கு இடைப்பட்ட குறுகிய வெளியில் உட்கார்ந்துகொள்கிறது. வந்த துளையை அடைத்துவிடுகிறது. கோலாக இருந்த இரை உருண்டையாகிறது, சீக்கிரமே சாகிறது. பிறகு அதன் புரதம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எல்லாவற்றையும் உடைத்து உறிஞ்சி, வேட்டைச் செல் ஒரே இழையாக நீள்கிறது. சாப்பாடு தீர்ந்ததும் அந்த இழை ஒரே நேரத்தில் பல துண்டுகளாகிறது. ஈ. கோலை அளவுள்ள இரை என்றால் நாலைந்து குட்டிகள். சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த வேட்டை. முழுச் சுற்றுக்கும் மூன்று நான்கு மணி நேரம்தான்.

ஆக உங்கள் வாய், வயிறு கேள்விக்குப் பதில்: இரையின் உடலையே வயிறாக வைத்துக்கொள்கிறது.

#3 நிலாமுற்றம்

பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பாக்டீரியா இரண்டாகப் பிரியும் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறோம். இது மூன்றாக, ஐந்தாகவும் பிரியுமா? இன்னொரு சந்தேகம். இரையின் சுவரை உடைக்கும் நொதி, வேட்டையாடியின் சுவரையும் உடைக்காதா? இரண்டுக்கும் சுவர் ஒரே பொருள்தானே?

#4 அகார்தட்டு

பிரியும். ஒற்றைப்படை எண்ணிக்கையிலும் பிரியும். இரை பெரிதாக இருந்தால் இழை நீளமாகும், துண்டுகள் கூடும். சோறு எவ்வளவோ அதற்கேற்ற பிள்ளைகள்.

இரண்டாவது கேள்வி ஆய்வாளர்களையும் குடைந்ததுதான். 2015-இல் பதில் கிடைத்தது. சுவர் உடைக்கும் நொதிகளோடு சேர்ந்தே ஒரு காப்புப் புரதத்தையும் இது தயாரிக்கிறது. அந்தப் புரதம் நொதிகளைத் தன் உடலுக்குள் இருக்கும் வரை செயல்படவிடாமல் பிடித்து வைக்கிறது. காப்புப் புரதத்தின் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். வேட்டைக்குப் போன செல் இரையைப் போலவே தானும் உருண்டையாகிச் செத்தது.

#5 கேள்விக்குறி

எல்லாம் சுவாரசியம்தான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதை முழுக்கச் சோதனைக்குழாய்த் திரவத்தில் நடக்கிறது. நொடிக்கு 160 மைக்ரோமீட்டர் நீந்த நீர் வேண்டும். மண்ணில் ஏது அவ்வளவு நீர்? மழை நின்று சில நாளில் துகள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம்தான் மிஞ்சும். அதிலும் ஒரு நுண்துளைக்கும் அடுத்ததற்கும் தொடர்பு அறுந்துவிடும். பாதி பாக்டீரியா பிசினுக்குள் பதுங்கியிருக்கும். இந்த நீச்சல் வீரன் அங்கே என்ன செய்வான்?

போதாக்குறைக்கு இது கிராம் நெகட்டிவ்களை மட்டும்தான் தின்னும். மண்ணில் பாதி ராஜ்ஜியம் பேசில்லஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற கிராம் பாசிட்டிவ்களிடம் இருக்கிறது. அவற்றுக்கு வெளிச்சவ்வே கிடையாது. உட்கார இடமில்லை.

#6 அகார்தட்டு

நியாயமான கேள்வி. டெல்லோவிப்ரியோவுக்கு ஈரம் மிக முக்கியம்தான். ஆக்சிஜனும் வேண்டும். அதனால்தான் அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். மண்ணின் உண்மையான வேட்டையாடிகள் என்று நான் நினைப்பது மிக்சோபாக்டீரியாக்களை.

இவை நீந்துவதில்லை, பரப்பில் வழுக்கிப் போகின்றன. நிமிடத்துக்குச் சில மைக்ரோமீட்டர், அவ்வளவுதான். கசையிழை இல்லை. ஆனால் மெல்லிய நீர்ப்படலம் போதும். கிராம் நெகட்டிவ், பாசிட்டிவ் இரண்டையும் தின்னும், ஈஸ்ட்டையும் விடாது. இரைக்குள் நுழைவதில்லை. பக்கத்தில் நின்று கொன்று, உடைந்து வெளியே கொட்டுவதை நொதிகளால் செரித்து உறிஞ்சுகின்றன.

உணவு தீர்ந்தால் இவை செய்வது இன்னும் வியப்பு. மிக்சோகாக்கஸ் சாந்தஸ் என்ற இனத்தில் சுமார் ஒரு லட்சம் செல்கள் ஓரிடத்தில் குவிந்து, கண்ணுக்கு மட்டுமட்டாய்த் தெரியும் மஞ்சள் மொட்டாக நிற்கும். அதற்குள் ஒரு பகுதி செல்கள் மட்டுமே வித்துகளாகின்றன. பெரும்பகுதி வழியிலேயே உடைந்து சாகும். சில இனங்களில் அந்த மொட்டு காம்பும் கிளையுமாக மரம்போல இருப்பதால், 19-ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பூஞ்சை என்றே எழுதி வைத்திருந்தார்கள். 1892-இல் அமெரிக்கரான ரோலண்ட் தாக்ஸ்டர்தான் இவை பாக்டீரியா என்று காட்டினார். அவரும் பூஞ்சை ஆய்வாளர் என்பது கூடுதல் செய்தி.

மரபணுத் தொகுப்பையும் பாருங்கள். ஈ. கோலையின் ஆய்வகத் திரிபில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். டெல்லோவிப்ரியோவுக்கு 38 லட்சம். மிக்சோகாக்கஸுக்கு 91 லட்சம். அதே வகையைச் சேர்ந்த சொராஞ்சியம் செல்லுலோசத்துக்கு 1 கோடியே 30 லட்சம். இதில் கணிசமான ஒரு பங்கு பிற உயிர்களைத் தாக்கவும் தடுக்கவும் உதவும் வேதிப்பொருள்களைச் செய்வதற்கு. சொராஞ்சியத்திலிருந்து கிடைத்த எப்போதிலோன் என்ற பொருளை மாற்றியமைத்து உருவான மார்பகப் புற்றுநோய் மருந்துக்கு 2007-இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது.

#7 ஈரமண்

மிக்சோபாக்டீரியா ஓநாய்க் கூட்டம் மாதிரி வேட்டையாடும் என்று படித்திருக்கிறேன். தனி ஒன்றால் முடியாது, கூட்டமாக நொதியைக் கக்கி இரையைக் கரைத்துப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று.

#8 அகார்தட்டு

அந்த ஓநாய்க் கதையில் எனக்கு நெடுநாளாகவே உடன்பாடில்லை. அதன் வேர் 1977-இல் வந்த ஒரு சோதனை. மிக்சோகாக்கஸுக்குக் கேசீன் என்ற பால் புரதத்தை மட்டும் உணவாகக் கொடுத்தார்கள். செல்கள் அடர்த்தியாக இருந்தால் வளர்ந்தன, ஐதாக இருந்தால் வளரவில்லை. முன்பே உடைத்துச் செரித்த கேசீனைக் கொடுத்தால் ஐதான செல்களும் வளர்ந்தன. அதாவது நொதியைச் சுற்றிலும் கக்குவதால், தனியாக இருப்பவன் செரித்தது அவனுக்கே கிடைக்காமல் நீரில் பரவிவிடுகிறது. அருமையான சோதனை. ஆனால் அது கரைந்த புரதத்தைத் தின்பது பற்றியது, உயிருள்ள இரையைக் கொல்வது பற்றியது அல்ல.

கொல்வதைத் தனியே பார்த்தால் கதை வேறு. 1996-லேயே ஒற்றை மிக்சோகாக்கஸ் செல் ஈ. கோலையை உடைப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். 2021-இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவு. வழுக்கிப் போகும் செல் இரையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. தொட்ட இடத்தில் ஒரு புரதக் கருவி கூடுகிறது. சில நிமிடங்களில் இரை உடைகிறது. அந்தக் கருவியின் மரபணுக்களை நீக்கினால் தொட்டும் கொல்ல முடிவதில்லை. ஆக, கொலை தனியாள் வேலை. சாப்பாட்டில்தான் கூட்டத்தால் லாபம்.

#9 ஈரமண்

அப்படியானால் ஏன் கூட்டமாகவே திரிகின்றன? தனியே கொல்ல முடிந்தால் தனியே போய்ச் சாப்பிட வேண்டியதுதானே? செரித்ததில் பெரும்பகுதி சிந்திப்போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். சிந்தியது வீணாகாமல் இருக்கப் பக்கத்தில் உறவுக்காரன் வேண்டும். அப்புறம் அதைக் கூட்டு வேட்டை என்று சொல்வதில் என்ன தவறு? கடைசிக் குத்து யாருடையது என்பது எனக்கு முக்கியமில்லை.

#10 அகார்தட்டு

தனியாகத் திரிபவையும் உண்டு. மிக்சோகாக்கஸுக்கு நகர்வதில் இரண்டு இயந்திரங்கள்: ஒன்று ஒற்றைச் செல்கள் தனியே போக, மற்றது முனையில் உள்ள நுண்ணிழைகளை வீசி இழுத்துக் கூட்டமாகப் போக. படையின் விளிம்பில் தனித் துருப்புகள் முன்னே போய் இரைக் கூட்டத்துக்குள் நுழைவதைக் காணொளிகளில் பார்க்கலாம். பின்னால் கும்பல் வருகிறது. உறவுக்காரன் வாதத்தை ஏற்கிறேன், ஆனால் எல்லாரும் சேர்ந்து வளைத்துப் பிடிக்கிறார்கள் என்ற படம்தான் பொய்.

#11 பூஜ்யம்ஒன்று

நிரல் எழுதுபவன், உயிரியல் அரைகுறை. எனக்கு வேறொன்று புரியவில்லை. மூன்று மணி நேரத்தில் ஒன்று நாலாகிற வேட்டையாடி, இரையை ஏன் முழுக்க ஒழித்துவிடவில்லை? சாதாரண இரை-வேட்டை சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டால் இரை ஏறக்குறைய பூஜ்யத்துக்குப் போய், பிறகு வேட்டையாடியும் பட்டினியில் சாகிறது. நிஜ மண்ணில் இரண்டும் காலங்காலமாக இருக்கின்றனவே?

#12 அகார்தட்டு

குடுவையிலும் ஒழிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. ஈ. கோலை நிறைந்த குடுவையில் டெல்லோவிப்ரியோவை விட்டால் கலங்கல் ஒரே நாளில் தெளிந்துவிடும். ஆனால் ஒரு சிறு பங்கு இரை மிஞ்சும். மிஞ்சியவற்றுக்கு மரபணு மாறி எதிர்ப்பு வந்துவிட்டதா என்று 2004-இல் சோதித்தார்கள். இல்லை. அவற்றைப் பிரித்தெடுத்து வேட்டையாடி இல்லாத இடத்தில் வளர்த்தால், அடுத்த தலைமுறை மறுபடி முன்போலவே இரையாகிறது. வேட்டைக்காரன் அருகில் இருக்கும் வரை மட்டும் நீடிக்கும் தற்காலிகக் காப்பு அது. ஃபேஜுக்கு எதிராக பாக்டீரியா ஒரே மரபணு மாற்றத்தில் தப்பிவிடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே அப்படித் தப்புவது அபூர்வம்.

உங்கள் சமன்பாட்டில் இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். முதலாவது, அடர்த்தி. டெல்லோவிப்ரியோ பெரும்பாலும் மோதித்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது. தூரத்திலிருந்து மோப்பம் பிடிப்பது பலவீனம். இரை குறைந்தால் மோதல் குறையும், நீந்தி நீந்தியே சக்தி தீர்ந்து சாகும். இரண்டாவது, பயனற்ற மோதல்கள். கிராம் பாசிட்டிவ் செல்கள் நிறைய இருந்தால் அவற்றோடு முட்டி நேரம் வீணாகிறது. கலந்து வைத்துப் பார்த்த சோதனைகளில் வேட்டை மந்தமானது தெரிந்தது. மூன்றாவது, கேள்விக்குறி சொன்ன நுண்துளைகள். வேட்டையாடி எட்டாத அறைகள் மண்ணில் ஏராளம்.

#13 பூஜ்யம்ஒன்று

ஒளிந்துகொள்ளும் ஒரு பங்கையும், தாமதத்தையும், பயனற்ற மோதலையும் சேர்த்து ஓட்டினேன். ஊசலாட்டம் அடங்கி இரண்டும் நிலைக்கின்றன. ஒளியும் பங்கை நீக்கியதும் மறுபடி எல்லாம் சரிகிறது. மற்ற இரண்டும் சேர்ந்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடில்லை, குறைந்தது என் பொம்மை மண்ணில்.

#14 நிலாமுற்றம்

இரைகள் சும்மா ஒளிந்துகொள்வதோடு சரியா? திருப்பி அடிப்பதில்லையா?

#15 அகார்தட்டு

அடிக்கின்றன. பேசில்லஸ் சப்டிலிஸ் பேசிலீன் என்ற பொருளைச் செய்து மிக்சோகாக்கஸை நிறுத்திவைக்கிறது. அதைச் செய்ய முடியாத ஆய்வகத் திரிபுகள் எளிதில் இரையாகின்றன. ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர், மிக்சோகாக்கஸ் நெருங்கியதும் ஆக்டினோரோடின் என்ற நீல நிற ஆன்டிபயாட்டிக்கைக் கூடுதலாகச் சுரக்கிறது. தட்டில் எல்லைக்கோடு நீலமாகவே தெரியும். குரோமோபாக்டீரியம் என்ற பாக்டீரியா சயனைடு விட்டு டெல்லோவிப்ரியோவை முடக்குகிறது.

என் சொந்தக் கருத்து: மண் பாக்டீரியாக்கள் இவ்வளவு ஆன்டிபயாட்டிக் செய்வதற்கு அக்கம்பக்கப் போட்டியை மட்டுமே காரணமாகச் சொல்கிறோம். தின்ன வருபவனைத் தடுப்பதும் அதே அளவு காரணமாக இருக்கலாம்.

#16 கேள்விக்குறி

சரி, இப்போது அளவுக்கு வாருங்கள். மண்ணில் சாகும் பாக்டீரியாக்களில் எத்தனை இவற்றின் வாயில் போகின்றன? அமீபாக்களும் ஃபேஜ்களும் இருக்கும்போது இவை ஓரமாக நிற்கும் துணை நடிகர்கள் என்பது என் எண்ணம்.

#17 அகார்தட்டு

2021-இல் வந்த ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை ஆட்டியது. ஐரோப்பாவின் பல இடத்து மண்களில் இருந்த ஆர்.என்.ஏ.-வை நேரடியாக வாசித்தார்கள். பாக்டீரியாவைத் தின்னக்கூடியவை என்று அடையாளம் கண்ட எல்லாவற்றையும், அமீபா போன்ற ஒற்றைச் செல் உயிர்கள், நூற்புழு உட்பட, கூட்டினால், பெரும்பாலான மண்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மிக்சோபாக்டீரியாவின் பங்கு. அதே ஆண்டு வேறொரு குழு, எடை மாறுபட்ட அணுக்களான ஐசோடோப்புகளை அடையாளமாகக் கொண்டு மண்ணில் எது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அளந்தது. டெல்லோவிப்ரியோ போல வேட்டையை மட்டுமே நம்பி வாழும் கூட்டங்கள், மற்ற பாக்டீரியாக்களின் சராசரியைவிட வேகமாக வளர்ந்தன.

#18 கேள்விக்குறி

ஆர்.என்.ஏ. பங்கு என்பது கொலைக் கணக்கு ஆகாது. மிக்சோபாக்டீரியாவில் சில, நீங்கள் சொன்ன சொராஞ்சியம் உட்பட, இலைதழையின் செல்லுலோசைத் தின்றே வாழும். தின்னக்கூடியவை என்பதற்கும் தின்றன என்பதற்கும் இடைவெளி பெரிது. ஐசோடோப் ஆய்வை மட்டும் ஏற்கிறேன். துணை நடிகர் பட்டத்தைத் திரும்பப் பெற அது போதும், கதாநாயகன் பட்டம் தரப் போதாது.

#19 மண்புழுநேசன்

எல்லாரும் சேர்ந்து என் தலையை நிரப்பிவிட்டீர்கள், நன்றி. ஆனால் என் சுயநலக் கேள்வி அப்படியே நிற்கிறது. பயிருக்கு?

#20 அகார்தட்டு

முதலில் உங்கள் நோய் எது என்று பாருங்கள். வாடல் நோய்களில் பல ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகளால் வருபவை. டெல்லோவிப்ரியோ அவற்றைத் தொடாது. ரால்ஸ்டோனியா வாடல், பெக்டோபாக்டீரியம் மென்னழுகல், சாந்தோமோனாஸ் இலைப்புள்ளி எல்லாம் கிராம் நெகட்டிவ், அதாவது கொள்கையளவில் இரை. தக்காளிச் சொறிநோயின் கிளாவிபாக்டர் கிராம் பாசிட்டிவ், அது தப்பிக்கும்.

1973-லேயே சோயாவின் பாக்டீரியக் கருகலுக்கு எதிராக டெல்லோவிப்ரியோவை நோய்க்கிருமியோடு கலந்து செலுத்திப் பார்த்தார்கள். நோய் குறைந்தது. ஆனால் வேட்டையாடியின் எண்ணிக்கை கிருமியைவிடப் பல மடங்கு வேண்டியிருந்தது. மிக்சோபாக்டீரியாவில் 2020-இல் நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று வந்தது. வெள்ளரியின் ஃபியூசேரியம் வாடலுக்கு எதிராக கோரல்லோகாக்கஸ் இனம் ஒன்றை மண்ணில் இட்டார்கள். அது வேரை நோக்கி நகர்ந்து குடியேறியது, நோய் குறைந்தது, சுற்றியிருந்த நுண்ணுயிர்க் கூட்டமும் மாறியது.

ரைசோபியம் பற்றி: ஆம், தின்னும். 1968-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் 1970-களின் சோதனைகளில் ரைசோபியம் மிக அடர்த்தியாக இருந்தபோதுதான் டெல்லோவிப்ரியோ பெருகியது. குறைந்த அடர்த்தியில் இரண்டும் பக்கத்திலேயே இருந்தன, ஒன்றும் நடக்கவில்லை. வேர் முடிச்சுக்குள் போய்விட்ட ரைசோபியத்தை இது எட்டாது. விதையில் தடவிய புதுப் பூச்சுதான் அடர்த்தியான இலக்கு, அதில் மட்டும் கொஞ்சம் இழப்பு வரலாம்.

#21 கேள்விக்குறி

அதே அடர்த்தி விதி நோய்க்கிருமிக்கும் பொருந்தும் என்பதைக் கவனித்தீர்களா? கிருமி பெருகி நோய் வந்த பிறகுதான் வேட்டையாடிக்குச் சாப்பாடு. முன்கூட்டியே விட்டால் பட்டினி. திரவத்தில் அடைத்து வைத்தால் இரையில்லாமல் நாளாக ஆகச் செத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கிருமி தின்னும் பாக்டீரியா என்று யாராவது பாட்டிலில் விற்றால், உயிருள்ள எண்ணிக்கை எவ்வளவு, எந்தத் தேதியில் எண்ணியது, எந்தக் கிருமிக்கு எதிராக என்று மூன்றையும் கேளுங்கள்.

#22 அகார்தட்டு

டெல்லோவிப்ரியோவுக்கு முற்றிலும் சரி. மிக்சோபாக்டீரியா வித்தாகி வறட்சியைத் தாங்கும், அதனால் தூளாகவே வைக்க முடியும். வேளாண்மையில் ஏதாவது வந்தால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று பந்தயம் கட்டுவேன்.

மறைமுகப் பயன் ஒன்றும் உண்டு. இரையின் உடலில் கார்பனுக்கு ஏற்ற விகிதத்தில் நைட்ரஜன் நிறைய. தின்பவன் கார்பனில் ஒரு பகுதியை மூச்சாக விட்டுவிடுகிறான். மிஞ்சிய நைட்ரஜன் அமோனியமாக மண்ணில் இறங்கி வேருக்குக் கிடைக்கிறது. அமீபாக்களில் இது நன்றாகவே காட்டப்பட்டது. பாக்டீரிய வேட்டையாடிகளுக்கும் அதே கணக்குப் பொருந்தாமல் இருக்கக் காரணமில்லை. இதற்கு நீங்கள் எதையும் வாங்கி ஊற்ற வேண்டியதில்லை, மக்கும் பொருளும் ஈரமும் போதும்.

#23 நிலாமுற்றம்

பிள்ளைகளுக்குக் காட்ட எளிய வழி உண்டா? எங்களிடம் கைக்கண்ணாடியும் சாதாரண நுண்ணோக்கியும்தான் இருக்கின்றன.

#24 அகார்தட்டு

டெல்லோவிப்ரியோ வேண்டாம். வடிகட்டிச் சவ்வு, இரை வளர்ப்பு என்று ஆய்வகம் தேவைப்படும், பள்ளியில் ஈ. கோலை வளர்க்கவும் கூடாது.

மிக்சோபாக்டீரியா சுலபம். காய்ந்த முயல் புழுக்கைகளைப் பிரஷர் குக்கரில் நன்கு வேகவைத்துக் கிருமி நீக்குங்கள். மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஈரமண்ணைப் பரப்பி, அதன் மேல் புழுக்கைகளைப் பாதி அமிழ்த்தி வையுங்கள். மண் நசநசவென்று இருக்க வேண்டாம், காயவும் விடாதீர்கள். நேரடி வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை வைத்து, புழுக்கையின் மேற்பரப்பை மூடி வழியாகவே கைக்கண்ணாடியில் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறிய பளபளப்பான துளிகள் தெரிந்தால் அவைதான். முதலில் பூஞ்சை இழைகள் வரும், அதைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் மூடியைத் திறக்க வேண்டாம். முடிந்ததும் தட்டோடு மறுபடி குக்கரில் வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

#25 நிலாமுற்றம்

சமையலறைக் குக்கரா, தனிக் குக்கரா?

#26 அகார்தட்டு

தனிக் குக்கர், மேடம். கட்டாயம் தனிக் குக்கர்.